மறக்கப்படாதவர்கள்: நான் பார்த்த ஒரு துப்பறியும் தொடர்

துப்பறியும் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. பொலிஸார் வீட்டுக்கு வருவதும், கதிரையில் இருந்து கேள்வி கேட்பதும், கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு போவதும் எங்களில் பலருக்குப் பார்த்துச் சலித்த காட்சிகள். அதை ரி.வி.யிலும் பார்க்க வேண்டுமா என்று எண்ணுபவள் நான். அப்படிப்பட்ட நான் ஓர் ஆங்கிலத் துப்பறியும் தொடரை நான்கு பாகங்கள், இருபத்து நான்கு அத்தியாயங்கள், ஒன்று விடாமல் பார்த்து முடித்தேன் என்றால் என் அக்காவே நம்பமாட்டாள்.

2022 மார்கழியில் அக்காவின் மகள் லண்டனிலிருந்து வந்து எங்களுடன் மூன்று கிழமை நின்றாள். மழை விடாமல் பெய்தது. மின்வெட்டும் இருந்த காலம். பின்னேரங்களில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அவள் தன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பாள். ஒருநாள் தேத்தண்ணி கொடுக்கப் போனபோது திரையில் இடித்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய கட்டடம் தெரிந்தது. நிலவறையில் ஒரு மனிதனுடைய எலும்புகள்.

“சின்னம்மா, நீங்கள் இதைப் பார்க்கவேண்டாம்” என்று அவள் படக்கென்று மூடப் போனாள்.

“ஏன் பிள்ளை, விடு. என்னதான் செய்யினம் என்று பாப்பம்” என்றேன்.

அந்தத் தொடரின் பெயர் ‘அன்ஃபொகோட்டன்’. மறக்கப்படாதவர் அல்லது மறக்கப்படாதவர்கள் என்று சொல்லலாம். பிரித்தானியாவின் ஐ.ரி.வி. அலைவரிசையில் 2015 ஒக்டோபரில் ஆரம்பித்தது. எழுதுபவர் கிறிஸ் லாங். ஒவ்வொரு பாகத்திலும் ஆறு அத்தியாயங்கள். ஒவ்வொரு பாகமும் ஒரே விதமாகத்தான் தொடங்கும். எங்கேயோ மண்ணைக் கிண்டும்போதோ, பழையதை இடிக்கும்போதோ ஓர் உடல் அகப்படும். அது நேற்று இறந்தவரின் உடல் அல்ல. இருபது, முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்னர் காணாமற்போன ஒருவருடையது. இது யார், இவரைத் தேடிக்கொண்டிருப்பவர் யார், இவருக்கு இதைச் செய்தவர் இப்போது எங்கே என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடுவதுதான் கதை. துரத்தல், துப்பாக்கிச் சூடு ஒன்றும் கிடையாது. காரில் போவார்கள், வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், இருந்து கதைப்பார்கள். அவ்வளவுதான்.

எனக்கு ஆங்கிலம் வாசித்தால் ஓரளவு விளங்கும். அவர்கள் பேசும் ஆங்கிலம் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. பெறாமகள் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லுவாள். ஆனால் எத்தனை தரம்தான் அந்தப் பிள்ளையை நிறுத்தச் சொல்வது? ஆகவே நான் முகங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அது நல்லதாகப் போயிற்று. நடிப்பு என்றால் என்ன என்று அந்த மூன்று கிழமையில்தான் கவனித்தேன் என்று சொல்லவேண்டும்.

விசாரணையை நடத்துபவள் கஸி ஸ்ருவேட் என்ற பெண். பதவியில் பெரியவள், எங்கள் வழக்கில் பிரதான பொலிஸ் பரிசோதகர் என்று வைத்துக்கொள்ளலாம். நடித்தவர் நிக்கோலா வோக்கர். சீருடை கிடையாது. மேக்கப் போட்டதாகவே தெரியாது. சந்தைக்குப் போய் இரண்டு பையுடன் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெண்ணைப் போல இருக்கிறார். வீட்டில் வயதான தகப்பனும் இரண்டு மகன்மாரும். தகப்பன் புதிதாக ஒரு துணையைத் தேடிக்கொண்டபோது மகளுக்குக் கோபம் வருகிறது, பிறகு தன் கோபத்தை எண்ணி வெட்கமும் வருகிறது. பெரிய பொலிஸ் அதிகாரி என்றாலும் வீட்டுக்கு வந்தால் இதே சண்டைதான்.

நிக்கோலா வோக்கரின் நடிப்பில் எனக்குப் பிடித்தது அவர் மற்றவர் பேசுவதைக் கேட்கும் விதம். பேசுவதை எவரும் நடித்துவிடலாம். கேட்பதை நடிப்பது கஷ்டம். எதிரில் இருப்பவர் சொல்லிக்கொண்டு போகும்போது அவருடைய கண் அசையாது. ஆனால் வாயின் ஓரத்தில் ஏதோ ஒன்று நடக்கும். அழுகையை விழுங்குகிறாரா, கோபத்தை விழுங்குகிறாரா என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் நாடகங்களில் என்றால் அந்த இடத்தில் கமரா மூன்று தரம் முகத்துக்குக் கிட்ட வந்து போகும். இடி முழக்கம் போலச் சத்தம் வரும். இங்கே ஒன்றும் இல்லை. அறையில் மணிக்கூடு அடிப்பது கேட்கும் அளவுக்கு அமைதி.

அவளுக்குத் துணையாக வருபவர் சன்னி கான் என்ற பரிசோதகர். (எங்கள் அம்மம்மா காலத்தில் சன்னி என்றால் காய்ச்சல் முற்றிப் பிதற்றுவது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.) நடித்தவர் சஞ்சீவ் பாஸ்கர். இந்தியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். இந்தத் தொடருக்கு முன்னர் அவர் நகைச்சுவை நடிகராகவே பெயர் பெற்றிருந்தார். அங்குள்ள ஆசியக் குடும்பங்களைப் பற்றி அவர் நடித்த சிரிப்புத் தொடர்கள் அந்நாட்டில் பிரபலமானவை. சிரிக்க வைத்த ஒருவரை எலும்புகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவரின் துணிச்சலை மெச்சவேண்டும். எப்போதும் முதுகில் ஒரு பை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இவர் அவசரப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். இவரும் இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாகப் பார்த்து வளர்க்கும் தகப்பன்.

கஸிக்கும் சன்னிக்கும் இடையில் காதல் இல்லை. இதை விசேடமாகக் கூறவேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணும் ஆணும் ஒரே காரில் போய் ஒரே வேலையைச் செய்தால் நான்காவது அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் களைத்தால் மற்றவர் தெரிந்துகொள்கிறார். மேலதிகாரி பெண், கீழே வேலை செய்பவர் ஆண் என்பதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமலே விட்டதுதான் எனக்குப் பிடித்தது.

முதலாம் பாகத்தில் அந்த எலும்புகள் ஜிம்மி சல்லிவன் என்ற இளைஞனுடையவை. 1976இல் காணாமற்போனவன். முதலில் அது எந்தக் காலத்து எலும்பு என்பதே தெரியாது. நூறு வருடத்துக்கு முந்தியது என்றால் பொலிஸுக்கு அங்கே வேலையில்லை, பெட்டியில் போட்டு வைத்துவிடலாம். கஸிக்கு அப்படி விட மனமில்லை. முடிவு வரும்வரை அவள் காத்திருக்கும் விதத்தைப் பார்த்தபோது எனக்கு மன்னார் ஞாபகம் வந்தது. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிவந்ததும், எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியதும், மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பியதும், 2019 மார்ச்சில் அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று அறிக்கை வந்ததும் வாசகிகள் அறிந்ததே. அந்த அறிக்கையைப் பல குடும்பங்கள் ஏற்கவில்லை. அந்த நாட்களில் என்னைப்போல எத்தனை பேர் வானொலிக்குப் பக்கத்தில் இருந்திருப்பார்கள். எலும்பின் வயது என்பது எங்களுக்கு விஞ்ஞானக் கேள்வி மட்டும் அல்ல.

கதைக்கு வருகிறேன். ஜிம்மியின் எலும்புகளோடு ஒரு திறப்பு அகப்படுகிறது. துருப்பிடித்த கார்த் திறப்பு. அந்தத் திறப்பைக் கொண்டு காரைத் தேடி, காரில் ஒரு பையைத் தேடி, பைக்குள் ஊறிப்போன ஒரு நாட்குறிப்பைத் தேடி, அதிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக மீட்டு எடுக்கிறார்கள். அதில் சில பெயர்கள். அந்தப் பெயர்களுக்குரியவர்கள் இப்போது கிழவன் கிழவிகள். ஒருவர் தேவாலயப் போதகர். ஒருவர் பெரிய செல்வந்தர், அரசாங்கப் பதவிக்குக் காத்திருப்பவர். ஒரு பெண் கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கு உதவி செய்பவர். இன்னொருவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி, மறதி நோய் வந்த மனைவியைப் பராமரிப்பவர். இந்த நால்வரையும் முதல் அத்தியாயத்திலிருந்தே காட்டிவிடுகிறார்கள். இவர்களுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாமல், இவர்கள் சாப்பிடுவதையும் பிள்ளைகளோடு கதைப்பதையும் காட்டுகிறார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. பிறகுதான் பொலிஸ் கதவைத் தட்டுகிறது.

சக்கர நாற்காலிக் கிழவராக நடித்தவர் ரொம் கோர்ட்னி. 1960களிலிருந்து நடிப்பவர். இந்தப் பாத்திரத்துக்காக 2016இல் சிறந்த துணை நடிகருக்கான பஃப்ரா விருது அவருக்குக் கிடைத்தது. கிடைக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். முதலில் பார்க்கும்போது பாவம், நல்ல கிழவன் என்று இருக்கும். கேள்விகள் கூடக் கூட அதே முகத்தில் வேறொரு ஆள் தெரியத் தொடங்குவான். கண்ணை உருட்டவில்லை, குரலை மாற்றவில்லை. மனைவியாக நடித்தவர் ஜெம்மா ஜோன்ஸ். மறதிக்காரரை நடிப்பது என்றால் பேந்தப் பேந்த முழிப்பது என்று நினைக்கும் நடிகைகள் இவரைப் பார்க்கவேண்டும். இவர் முழிக்கவில்லை. ஒரு வேலையைத் தொடங்கி, நடுவில் அது என்ன வேலை என்பதை விட்டுவிட்டு, தான் விட்டதை மற்றவர் கண்டுவிட்டாரா என்று பார்க்கிறார். என்னுடைய அம்மாவும் கடைசி இரண்டு வருடம் அப்படித்தான் பார்த்தார். அந்த மறதிக்குள்ளிருந்துதான் கதையின் உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. அதன் முடிவை நான் எழுதினால் பார்க்க இருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பாகத்தில் என்னை நித்திரை கொள்ளாமல் செய்தது கிழவர்கள் அல்ல. ஜிம்மிக்கு ஒரு தாய் இருக்கிறாள். ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து, மகனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அந்தத் தாய்க்குக் கஸி சொல்லவேண்டும். அந்த இடத்தில் மொழிபெயர்க்க வேண்டாம் என்று பெறாமகளுக்குக் கையைக் காட்டினேன். கஸி குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள். சொல்லிவிட்டு எழும்பி ஓடவில்லை. அந்தத் தாயின் முகம் போகும் இடமெல்லாம் தானும் கூடப் போகிறாள்.

எங்கள் வீட்டுக்கும் விசாரிப்பதற்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். என் தம்பி 1996 ஆடியில், பத்தொன்பது வயதில், சைக்கிளில் கைதடிப் பக்கம் போனவன். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. எத்தனை பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள் என்று இப்போது கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி ஒன்றுதான்: பெயர் என்ன, பிறந்த திகதி என்ன. ஒருமுறை வந்த அதிகாரி அம்மா பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நிறுத்திவிட்டார். அவர் நிமிர்ந்து, “சொல்லுங்கோ, சொல்லுங்கோ” என்றார். அம்மா சொல்லவில்லை. அவர் போன பிறகு, “இனி ஆரும் வந்தால் நீ கதை” என்று என்னிடம் சொன்னார். 2014இல் அம்மா கண்ணை மூடும்வரை அதற்குப் பிறகு ஒருவரோடும் தம்பியைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்த அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு எத்தனை வீட்டுக்குப் போனாரோ. ஆனால் ஒரு நடிகைக்குத் தெரிந்த காரியம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் பாகம் 2017இல் வந்தது. லண்டனில் ஓடும் ஒரு ஆற்றின் சேற்றிலிருந்து ஒரு சூட்கேஸ், அதற்குள் ஓர் ஆணின் உடல். விசாரித்துக்கொண்டு போனால் இறந்தவன் சிறுவர்களைத் துன்புறுத்தியவன். கொன்றவர்கள் சிறு வயதில் இப்படிப்பட்டவர்களால் நாசமாக்கப்பட்டவர்கள். கடைசியில் கஸியும் சன்னியும் எல்லாவற்றையும் கண்டுபிடித்த பின்னர், அவர்களைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருவராக நடித்த மார்க் பொனரின் நடிப்பும், ரோசி கவலியரோவின் நடிப்பும் நெஞ்சை என்னவோ செய்தன.

இந்த முடிவைப் பற்றி எனக்கும் பெறாமகளுக்கும் பெரிய வாக்குவாதம். “அவர்கள் பட்ட பாட்டுக்கு இன்னும் மறியலுக்கு அனுப்ப வேணுமோ சின்னம்மா?” என்று அவள் கேட்டாள். அவள் சொல்வது விளங்குகிறது. அந்தப் பிள்ளைகள் பட்டதைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்தேன். ஆனாலும் பொலிஸ்காரர் தம் பாட்டில் யாரைப் பிடிப்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்கத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியாதா? நல்ல கஸி நல்ல காரணத்துக்காக விடுகிறாள். நாளைக்கு இன்னொருவர் வேறு காரணத்துக்காக விடுவார். “அது நாடகம்தானே” என்று அவள் சொன்னாள். சரி, நாடகம்தான். இரண்டு நாள் அந்தக் கதையை எடுக்காமல் இருந்தோம்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. நான்கு பாகங்களிலும் செய்தவர்களின் வீடு, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கண்ணீர் எல்லாவற்றையும் நிறையக் காட்டுகிறார்கள். தேடிக்கொண்டிருந்தவர்களை அவ்வளவு நேரம் காட்டுவதில்லை. தாய்மார் வந்து, அழுது, போய்விடுகிறார்கள். குற்றம் செய்தவருக்கு ஆறு மணித்தியாலம், காத்திருந்தவருக்கு அரை மணித்தியாலம். கதை சுவாரசியத்துக்கு அப்படித்தான் தேவை போலிருக்கிறது.

மூன்றாம் பாகத்தில் (2018) அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது. 1999ஆம் ஆண்டின் கடைசி இரவில், புத்தாயிரம் பிறக்கப் போகிறது என்று எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தபோது காணாமற்போன ஹெய்லி என்ற பதினாறு வயதுப் பெண்பிள்ளை. அவளுடைய எச்சங்களை நெடுஞ்சாலையின் நடுவே வேலை செய்தவர்கள் கண்டெடுக்கிறார்கள். தாயாக நடித்தவர் பிரிட் பிரெனன். அவரும் நல்ல நடிகை. நான் பார்த்ததோ சகோதரியைத்தான். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் புரோனா வோ. காணாமற்போன பிள்ளையின் படம்தான் எல்லோர் கையிலும் இருக்கும். வீட்டில் மிஞ்சிய பிள்ளையின் படத்தை ஒருவரும் கேட்பதில்லை. அவள் அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும், வருபவர்களுக்குக் கதிரை போடவேண்டும், தான் சிரித்தால் அது குற்றமா என்று யோசிக்கவேண்டும். இப்படியெல்லாம் தொடரில் சொல்லவில்லை. அந்த நடிகை அறையில் நிற்கும் விதத்தில், கதவுக்கும் தாய்க்கும் நடுவில் நிற்கிறாளே, அதில் எனக்குத் தெரிந்தது. அக்கா லண்டனுக்குப் போனபின் பதினெட்டு வருடம் நான் நின்ற இடம் அது.

அந்தப் பாகத்தின் கொலைகாரன் ஒரு டொக்டர். நடித்தவர் அலெக்ஸ் ஜெனிங்ஸ். கடைசி அத்தியாயத்தில் அவன் கஸிக்கு முன்னால் இருந்து தான் செய்தவற்றைச் சொல்லுகிறான். கத்தவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. நோயாளிக்கு மருந்து எப்போது குடிக்கவேண்டும் என்று விளங்கப்படுத்துவது போலச் சொல்லுகிறான். இதுவரை எதையும் தாங்கிய கஸியின் முகம் அந்த இடத்தில் உடைகிறது. எத்தனையோ வில்லன்களைப் பார்த்திருக்கிறோம். இந்த டொக்டருக்குப் பக்கத்தில் அவர்கள் எல்லாம் சந்தியில் நின்று சத்தம் போடும் பெடியன்கள். பெறாமகள் அன்றைக்கு லைற்றை அணைக்கவேண்டாம் என்றாள். நானும் அணைக்கவில்லை.

நான்காம் பாகம் (2021) தொடங்கும்போது கஸி வேலைக்கு வரவில்லை. மனம் விட்டுப்போய் வீட்டில் இருக்கிறாள். ஓய்வு பெற விரும்புகிறாள். ஆனால் முழு ஓய்வூதியம் கிடைப்பதற்கு முப்பது வருடச் சேவை வேண்டும். அவளுக்கு இன்னும் மூன்று மாதம் குறைகிறது. அந்த மூன்று மாதத்தையும் செய்து முடித்தால்தான் தருவோம் என்கிறார்கள். இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் கடிதம் ஒன்று குறைகிறது, கையொப்பம் ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள். லண்டனிலும் இதுதானா! கஸி திரும்பி வருகிறாள். வழக்கை முடிக்கும் கட்டத்தில் ஒரு கார் விபத்து. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே இறந்துபோகிறாள். நிக்கோலா வோக்கரும் அத்துடன் தொடரை விட்டு விலகினார். 2023இல் வந்த ஐந்தாம் பாகத்தில் சினேட் கீனன் என்ற நடிகை வேறொரு அதிகாரியாக வந்தார் என்றும், சன்னி தொடர்ந்து இருக்கிறார் என்றும் பெறாமகள் பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. நல்லாயிருக்குமாம்.

கஸியின் சாவுக்குச் சன்னி பேசும் இடத்தில் சஞ்சீவ் பாஸ்கர் அழாமல் நடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று முதலில் எண்ணினேன். பிறகு யோசித்தால், அந்த மனிதர் நான்கு பாகமாக அழாமல்தானே இருந்தார். அழட்டும்.

பெறாமகள் போய்விட்டாள். நானும் அந்தத் தொடரை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

2025 தொடக்கத்தில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில், எரியூட்டும் மேடை கட்டுவதற்கு நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. செம்மணி என்றால் யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. 1999இல் அந்தப் பகுதியில் தோண்டியபோது பதினைந்து பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டன. இந்த முறை எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. பிள்ளைகளுடைய எலும்புகளும் இருந்தன. நீல நிறத்தில் ஒரு புத்தகப்பையும் ஒரு பொம்மையும் வந்த செய்தியைப் பத்திரிகையில் படத்துடன் பார்த்தோம். ஓகஸ்ட் 5ஆம் திகதி, அங்கே எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் பொதுமக்கள் வந்து பார்த்து அடையாளம் காட்டலாம் என்று அறிவித்தார்கள்.

அன்று காலையில் அக்கா லண்டனிலிருந்து எடுத்தாள். “நீ தனியப் போகாதை. போகத்தான் வேணுமோ?” என்றாள். அவளுக்குப் பின்னால் பெறாமகளின் குரல் கேட்டது: “சின்னம்மா, மாமாவிட்டைத் திறப்பு ஏதும் இருந்திருக்குமோ?”

அந்தப் பிள்ளைக்கு அந்த ஜிம்மியின் திறப்பு ஞாபகம். எனக்கு அந்த நேரம்வரை தோன்றவேயில்லை. சைக்கிளுக்குப் பூட்டு வாங்கினால் இரண்டு திறப்பு வரும். ஒன்று அவனுடைய பொக்கற்றில். மற்றது அம்மாவின் றங்குப்பெட்டியில், அவனுடைய ஓ.எல். பெறுபேற்றுத் தாள் வைத்திருந்த உறைக்குள் கிடந்தது. இடப்பெயர்வுகளில் எத்தனையோ தவறியது. அது தவறவில்லை. எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கும் ஒரு மகன்.

வெயில். ஆட்கள் பேசாமல் வரிசையில் போனார்கள். பொருட்கள் வைத்திருந்த இடத்தில் நான் மெதுவாகத்தான் நடந்தேன். மண்ணின் நிறமாகிப்போன துணிகள். தம்பி அன்று போட்டிருந்தது நீலக் கோடு போட்ட சேட்டா, பச்சைக் கோடு போட்ட சேட்டா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு வைத்திருக்கலாம். இந்த இருபத்தொன்பது வருடத்தில் கேட்க எத்தனையோ நாள் இருந்தது. திறப்பு எதையும் நான் காணவில்லை. ஒருதரம் பார்த்து முடித்து, திரும்பவும் ஒருதரம் பார்க்கலாமா என்று அங்கே நின்ற ஒரு பெண் அலுவலரிடம் கேட்டேன்.

வயது முப்பதுக்குள் இருக்கும். “பாருங்கோ அம்மா, ஆறுதலாப் பாருங்கோ” என்றாள். நான் பார்த்து முடியும்வரை கொஞ்சம் தள்ளி நின்றாள். என் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, “இதைப் பத்திரமா வைச்சிருங்கோ, இன்னும் தோண்டுவினம்” என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா பஸ்ஸில் ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து திறப்பை அதே உறைக்குள் வைத்தேன். இரவு அக்கா திரும்ப எடுத்தபோது எல்லாம் சொன்னேன். நீலச் சேட்டா பச்சைச் சேட்டா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அவனுடைய உடுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினோம். எந்தத் தீபாவளிக்கு எது, எது அண்ணன்முறையான ஒருவர் கொடுத்தது, எதற்குப் பொத்தான் அறுந்து நான் வேறு பொத்தான் வைத்துத் தைத்தேன் என்று. அந்தப் பொத்தான் வெள்ளை. மற்றவை கறுப்பு. அதையும் ஒரு தாளில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன்.